ஒன்பது மணித்தியாலத் தாமதம்

2023 ஓகஸ்ட் 25ஆம் திகதி, வெள்ளிக்கிழமை விடியற்புறம் மூன்று மணிக்கு எங்கள் வெள்ளவத்தை வீட்டில் தொலைபேசி அடித்தது. எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. லண்டனில் அப்போது வியாழக்கிழமை இரவு பத்தரை. அந்த நேரத்தில் அங்கிருந்து சும்மா யாரும் கதைக்க மாட்டார்கள்.

“மாமா, உம்மா மௌத்தாப் போய்ட்டாங்க” என்றான் ராத்தாவின் மூத்த மகன்.

ராத்தாவுக்கு எழுபத்தேழு வயது. ஆறு மாதமாகப் படுக்கை. போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நான் மே மாதமே விசா எடுத்து வைத்திருந்தேன். பேத்தியின் பரீட்சை முடியட்டும், என்னுடைய முழங்கால் கொஞ்சம் சுகமாகட்டும் என்று நாட்களைக் கடத்தியவன் நான்தான். எனவே தாமதத்தைப் பற்றி எழுத உட்காரும்போது முதல் தாமதம் என்னுடையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். விமானக் கம்பனியின் தாமதம் இரண்டாவது.

சனிக்கிழமை லுஹருக்குப் பின் அடக்கம் என்று முடிவாயிற்று. ஹேனோல்டில் இருக்கும் ‘கார்டன்ஸ் ஒஃப் பீஸ்’ முஸ்லிம் மையவாடியில் நேரம் கிடைத்திருந்தது. வெள்ளி இரவு எட்டு மணி போல் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்டு, வளைகுடா நகரொன்றில் விமானம் மாறினால் சனி காலை ஏழு மணிக்குள் லண்டனில் இறங்கலாம். குளிப்பாட்டிக் கபனிட்ட முகத்தைப் பார்க்கலாம். தொழுகையில் நிற்கலாம். கபுறில் மூன்று பிடி மண் போடலாம்.

ஆனால் ஆசனம் இல்லை. வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு ஓகஸ்ட் கடைசி வாரம் என்றால் என்னவென்று தெரியும். லண்டன், பாரிஸ், டொரொண்டோ என்று விடுமுறைக்கு வந்தவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தொடங்க முன்னர் திரும்பும் காலம் அது. காலி வீதி நகைக்கடைகளிலும் புடவைக்கடைகளிலும் கால் வைக்க இடமிராது. எங்கள் ஒழுங்கை முனையில் டிக்கட் போடும் தம்பியை ஸுப்ஹு தொழுத கையோடு எழுப்பினேன். அரை மணித்தியாலம் கணினியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “சேர், இண்டைக்கு இரவு போறதெண்டா ஒரேயொரு சீட்தான் கிடக்கு. பிஸ்னஸ் கிளாஸ்.”

விலையைக் கேட்டதும் வேண்டாமென்று எழும்பிவிட்டேன். மூன்று வருட ஓய்வூதியத்தைச் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது. மருமகன்தான் விடவில்லை. “உம்மாட பக்கத்தால ஒரு ஆள் வேணும் மாமா” என்று அங்கிருந்தே காசைக் கட்டிவிட்டான். அது உண்மைதான். ராத்தாவின் கூடப் பிறந்தவர்களில் உயிரோடு இருப்பது நான் மட்டும்தான்.

“ராத்தா ஈந்திருந்தா இதுக்கு நல்லா ஏசீப்பாங்க” என்றார் என் மனைவி, பெட்டியில் சுவெற்றரை வைத்துக்கொண்டு.

ஏசியிருப்பார். உம்மா மௌத்தாகும்போது எனக்கு நாலு வயது, ராத்தாவுக்குப் பதினைந்து. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. அன்றிலிருந்து ராத்தாதான் உம்மா. சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டிக் கடைசிப் பருக்கையையும் உருண்டை பிடித்து என் வாயில் வைத்தவர். மெழுகுதிரி முடிந்த பிறகு சிந்திய மெழுகைச் சேர்த்து உருக்கி இன்னொரு இரவை ஓட்டியவர். பள்ளிக்கூடம் விட்டு நான் வர அஞ்சு நிமிடம் பிந்தினாலும் ஒழுங்கை முனையில் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பார்.

1966இல் அவர் லண்டனுக்குப் போனார். மச்சான் அங்கே ரயில் நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. போனது கப்பலில். கோட்டையிலுள்ள பிரயாணிகள் இறங்குதுறையிலிருந்து சிறிய படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் விட்டார்கள். அப்போது சுயஸ் கால்வாய் திறந்திருந்தது. அடுத்த வருடமே யுத்தத்தில் மூடப்பட்டு 1975 வரை மூடியே கிடந்தது. ஒரு வருடம் பிந்தியிருந்தால் ராத்தா ஆபிரிக்காவைச் சுற்றித்தான் போயிருக்க வேண்டும். அந்தக் கப்பல்களிலும் வகுப்பு இருந்தது. மேல்தளத்தில் முதலாம் வகுப்பு, கீழே டூரிஸ்ட் வகுப்பு. ராத்தா கீழே. இயந்திரச் சத்தத்தில் மூன்று வாரமாக உறங்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று மாலை கப்பலின் ஊதுகுழல் கேட்டபோது வாப்பா என்னை விவேகானந்த மேட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து கப்பல் தெரியவில்லை. தெரிந்ததாக வாப்பா சொன்னார். நானும் தெரிந்ததாகச் சொன்னேன்.

வாப்பா 1979இல் மௌத்தானார். தந்தி அடித்தோம். அது ராத்தாவின் கையில் கிடைக்கும்போது இங்கே அடக்கம் முடிந்து அடுத்த நாளாகிவிட்டது. யாரும் அவரை வரச் சொல்லவுமில்லை, அவர் வருவதாகச் சொல்லவுமில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருக்கிறவர் ஜனாஸாவுக்கு வருவதென்பது பேச்சிலேயே இல்லாத ஒன்று. பத்து நாள் கழித்து நீல நிற ஏரோகிராம் வந்தது. ‘கடைசியா வாப்பாட வாயில தண்ணி விட்டது யாரு?’ என்று மட்டும் கேட்டிருந்தார். வேறு புலம்பல் எதுவுமில்லை.

இப்போதோ விமானம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு இங்கே சோறு தின்றவன் சனிக்கிழமை காலை லண்டனில் நிற்கலாம் என்ற நம்பிக்கை நமக்கு உரிமையாகவே ஆகிவிட்டது. ராத்தாவுக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. அதனால் அவருக்கு ஏமாற்றமும் இருக்கவில்லை என்று அன்றுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜும்ஆ தொழுதுவிட்டு, ஜமாஅத்தாரிடம் துஆ கேட்டுவிட்டு, மாலை நாலு மணிக்கெல்லாம் புறப்பட்டோம். மகன் வாகனத்தை ஓட்டினான். போகும் வழியில் கொட்டாஞ்சேனைக்குள் திருப்பி அந்த ஒழுங்கை முனையில் ஒரு நிமிடம் நிறுத்தலாமா என்று கேட்டேன். வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நாலு மாடி எழும்பிவிட்டது. என்றாலும் ராத்தாவிடம் போகுமுன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும்போல் இருந்தது. “வெள்ளிக்கிழம டிரபிக் வாப்பா, லேட் ஆகிடும்” என்றான். சரியென்று பேசாமலிருந்துவிட்டேன். களனிப் பாலத்தால் ஏறி, அதிவேகப் பாதையில் அரை மணித்தியாலத்துக்குள் கட்டுநாயக்கவில் இறக்கிவிட்டான். ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தவன் அன்றிரவு ஒன்பது மணித்தியாலம் அங்கே குந்திக்கொண்டிருந்தேன்.

பிஸ்னஸ் கிளாஸுக்குத் தனி வரிசை. வரிசை என்று சொல்லக்கூடாது. முன்னால் ஆளே இல்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் ‘சேர்’ கேட்டவன்தான் நான். ஆனால் சீருடை போட்ட ஒருவர் தாடியையும் தொப்பியையும் பார்த்த பிறகும் என்னைச் ‘சேர்’ என்று அழைத்தது 2019 ஏப்ரல் 21க்குப் பின் அதுதான் முதல் தடவை. அந்த ஞாயிறுக்குப் பிறகு வந்த மாதங்களில் பஸ்ஸிலும் கடையிலும் காரியாலயத்திலும் நாமெல்லாம் பட்டதை இந்தப் பக்கங்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் திரும்ப எழுதத் தேவையில்லை. சந்தேகத்துக்கும் மரியாதைக்கும் நடுவே ஒரு துண்டு அட்டைதான் இருக்கிறது என்று அப்போது மனதில் பட்டது. பட்டதும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக உடனேயே வெட்கப்பட்டேன். மௌத்து வீட்டுக்குப் போகிறவன் அல்லவா.

மேல்மாடியில் ஓய்வறை. மெத்தென்ற கதிரைகள், குளிரூட்டி, பத்திரிகைகள். சூப், சோறு, கறி, கட்லட், பழம் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். வேண்டியதை எடுத்துத் தின்னலாம். நான் மீன் கட்லட்டையும் பிளேன்டீயையும் எடுத்துக்கொண்டேன். ஏழரைக்கு அறிவித்தார்கள்: முக்கால் மணித்தியாலம் தாமதம். எட்டேகாலுக்கு இன்னொன்று: மேலும் ஒரு மணித்தியாலம். ஒன்பதரைக்கு, தொழில்நுட்பக் கோளாறு, பொறியியலாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்குப் பிறகும் ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு வந்து “வேற என்ன வேணும் சேர்?” என்று கேட்டாள். எனக்கு வேண்டியது நேரம். அது அவளிடம் இல்லை.

எனக்கு எதிரே ஒரு பெரியவர் இருந்தார். அவரும் வெள்ளவத்தைக்காரர், ஹாம்டன் ஒழுங்கைப் பக்கம். விமானம் திருத்தும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், மகளிடம் போகிறார். நான் ஆசிரியனென்று தெரிந்ததும் ‘மாஸ்டர்’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். நான் போகும் காரியத்தைக் கேட்டு, சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “எல்லாம் நன்மைக்குத்தான் எண்டு நினையுங்கோ மாஸ்டர்” என்றார். பிறகு 1986ஐப் பற்றிச் சொன்னார்.

அது எனக்கும் ஞாபகமிருந்தது. மே மாதம் 3ஆம் திகதி. லண்டன் கட்விக்கிலிருந்து வந்த எயார் லங்கா ட்ரைஸ்டார் விமானம், மாலைதீவுக்குப் புறப்படுவதற்காக இதே கட்டுநாயக்கவில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே குண்டு வெடித்து உடைந்தது. இருபத்தொரு பேர் மாண்டார்கள். ஆனால் அந்தக் குண்டு வானத்தில் வெடிப்பதற்கென்றே வைக்கப்பட்டதாம். பொதிகள் ஏற்றும்போது விமானத்தில் ஏற்பட்ட சேதத்தால் புறப்படுவது பிந்தியது. அந்தத் தாமதம் இல்லாவிட்டால் நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். 2001 ஜூலை 24இல் இதே இடம் தாக்கப்பட்டு, தேசிய விமான சேவையின் விமானங்களில் ஏறத்தாழப் பாதி அழிந்தும் சேதமாகியும் போனதையும் அவர் சொன்னார். 2022இல் எரிபொருள் இல்லாமல் கொழும்பிலிருந்து புறப்பட்ட விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போன கதையும் வந்தது. எங்கள் நாட்டில் ஒரு விமானம் நேரத்துக்குக் கிளம்பாததற்கு எத்தனை விதமான காரணங்கள் இருந்திருக்கின்றன என்பதை அவர் தொழில்காரருக்குரிய ஒருவித ருசியோடு சொன்னார்.

தாமதத்தில் ஹைர் இருக்கும் என்று நாமும்தான் சொல்கிறோம். பிறருக்கு ஆறுதல் சொல்லும்போது நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அன்றிரவு அதைப் பிறர் சொல்லக் கேட்டபோது தலையாட்டினேன். மனதுக்குள் இறங்கவில்லை.

பதினொரு மணிக்குச் சற்று முன், கோளாறு சரியாகிவிட்டது என்று அறிவித்தார்கள். சிலர் கைதட்டினார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னோர் அறிவிப்பு: விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் வேலை நேரம் முடிந்துவிட்டது, வேறு குழு வரும்வரை புறப்பட முடியாது, அதிகாலை ஐந்து மணி.

“உது ஒண்டும் செய்யேலாது” என்றார் பெரியவர். “ஆக்களுக்கு இத்தனை மணித்தியாலம் எண்டு சட்டமிருக்கு. களைச்சுப் போன பைலட்டை ஓட்டச் சொல்லேலாது. இஞ்ச இறங்கின உடன திரும்பிப் போக வேண்டிய ஆக்கள் அவை. மூண்டு மணித்தியாலம் நிண்டவுடன கணக்கு முடிஞ்சுது.”

நியாயம்தான். யாரைக் குறை சொல்வது? யாரையும் குறை சொல்ல முடியாத தாமதம்தான் மனிதனை அதிகம் வாட்டுகிறது.

லண்டனில் அப்போது மாலை ஆறரை. மருமகனுக்கு அழைப்பு எடுத்தேன். கணக்குப் பார்த்தான். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் அங்கிருந்து போகும் அடுத்த விமானத்தில் இடம் கிடைத்தாலும் லண்டனில் இறங்க சனி இரவாகிவிடும். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பிறகு சொன்னான்: “நீங்க சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிப் பார்க்கிறேன். இது பேங்க் ஹொலிடே வீக்என்ட். நேரம் கிடைக்குமா தெரியாது. கிடைக்காட்டி செவ்வாய் ஆகலாம். ஆனா நீங்க சொன்னா எல்லாரும் கேட்பாங்க.”

அதுதான் என்னுடைய கையில் வந்து விழுந்த விஷயம். சட்டம் தெரியும். ஜனாஸாவைப் பிந்தப் போடக்கூடாது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். பிறர் கேட்டால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். ஆனால் ஐம்பத்தேழு வருடத்துக்கு முன்னால் கப்பலில் போனவரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பதற்காக அவரைக் குளிர்ப்பெட்டியில் நாலு நாள் வைத்திருக்கச் சொல்லலாமா என்று நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. “அஞ்சு நிமிஷம் தா மகன், எடுக்கிறேன்” என்று வைத்துவிட்டு, வுழூச் செய்யக் கீழே இறங்கினேன். தொழுகை அறை கீழேதான் இருந்தது.

கீழே வேறோர் உலகம். எங்கள் விமானத்துக்குரியவர்கள்தான் எல்லோரும். கதிரைகள் நிறைந்து நிலத்தில் படுத்திருந்தார்கள். கைப்பைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பிள்ளைகளைச் சேலையால் மூடிக்கொண்டு. உணவுச் சீட்டுக்கு ஒரு நீண்ட வரிசை. தொழுகை அறை வாசலில் கறுப்பு ஹபாயா போட்ட நாலைந்து பெண்கள் சுவரோடு சாய்ந்திருந்தார்கள். வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிறவர்கள். மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது அவர்களில் ஒருத்தி எழும்பி வந்தாள். முப்பது வயதுக்குக் கிட்ட இருக்கும்.

“ஹாஜியார், ஒரு கோல் எடுக்கத் தருவீங்களா? என்ட போன்ல காசு முடிஞ்சிட்டு.”

நான் இன்னும் ஹஜ் செய்யவில்லை. தாடியும் தொப்பியும் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த தோரணையும் சேர்ந்தால் ஹாஜியார்தான் போலிருக்கிறது. தொலைபேசியைக் கொடுத்தேன். அவள் குவைத்துக்குப் போகிறாள். அங்கே கபீல் விமான நிலையத்தில் வந்து கையேற்க வேண்டும். நேரம் தப்பினால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்று பயந்துகொண்டிருந்தாள். ஏஜன்சிக்காரனுக்கு எடுத்தாள், பதிலில்லை. பிறகு வீட்டுக்கு எடுத்தாள். புத்தளம். உம்மாவின் குடும்பம் 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தது; இவள் பிறந்ததே அகதி முகாமில்தான் என்று பிறகு சொன்னாள். மறுமுனையில் ஒரு பிள்ளையை எழுப்பியிருப்பார்கள். “உம்மா இன்னும் போகல்ல. இங்கதான் ஈக்கிறன். நீ படு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளை, போகவில்லையென்றால் திரும்பி வா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லாமல் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டாள்.

“மேல சாப்பாடு ஈக்கிதா ஹாஜியார்?” என்று கேட்டாள், சற்றுப் பொறுத்து.

மேலே போனேன். கட்லட்டையும் பனிஸையும் காகித நப்கினில் சுற்றினேன். ஒரு நப்கின் போதவில்லை. நாலைந்து பேர் அல்லவா. இரண்டாவது, மூன்றாவது நப்கின். சால்வைக்குள் மறைத்துக்கொண்டு நடக்கும்போது சிரித்த முகப் பிள்ளை என்னைப் பார்த்தாள். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். அல்லாஹ் அவளுக்கு நல்லதைக் கொடுக்கட்டும். பரீட்சை மண்டபத்தில் துண்டு கொண்டுவரும் பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்துத் தண்டித்தவன் அறுபத்தாறு வயதில் கட்லட் களவாடினேன். களவுதானா என்று ஒரு மௌலவியிடம் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். இன்றுவரை கேட்கவில்லை.

அந்தப் பெண்கள் பிஸ்மி சொல்லித் தின்னத் தொடங்கியபோது, அவர்களுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திக்கொண்டு மருமகனுக்கு எடுத்தேன். ஐந்து நிமிடம் என்றது அரை மணித்தியாலமாகியிருந்தது.

“காத்திருக்க வேணாம் மகன். நாளைக்கு லுஹருக்கே அடக்குங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது கேட்டால், அந்த இடத்தில் என் மனதில் வந்து நின்றது சட்டமல்ல. எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம். 2020இல் கொவிட் என்று சொல்லி அவர்களது வாப்பாவின் ஜனாஸாவை எரித்தார்கள். ஏப்ரலிலிருந்து அடுத்த பெப்ரவரிவரை இந்த நாட்டில் அந்த ஒழுங்கு இருந்தது. 2021 மார்ச்சில்தான் அடக்க அனுமதித்தார்கள்; அதுவும் எங்கோ ஓட்டமாவடியில். அந்த வீட்டு மூத்த மகன் இன்றும் வெள்ளிக்கிழமைகளில் ஸியாரத்துக்குப் போக ஓர் இடமில்லாமல் பள்ளி முற்றத்தில் நின்றுவிட்டுப் போகிறான். ராத்தாவுக்கு மண் கிடைக்கிறது. குளிப்பாட்டவும் தொழவும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் இல்லை என்பது மட்டும்தான் குறை. அந்தக் குறைக்காக அவரைக் காக்க வைப்பது, ஒழுங்கை முனையில் மறுபடியும் நிற்க வைப்பதுபோல் இருந்தது.

மருமகன் அழுதான். பிறகு, நட்ட ஈடு ஏதாவது கிடைக்குமா என்று அவனது தம்பி கேட்பதாகச் சொன்னான். பிள்ளைகள் துக்கத்தில் இப்படித்தான் ஏதோவொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். பிரித்தானியச் சட்டப்படி இவ்வளவு தூரப் பயணத்தில் விமானம் நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால், கம்பனியின் குறை என்றால், 520 பவுண். ஆனால் அது அங்கிருந்து புறப்படும் விமானத்துக்கும், பிரித்தானிய அல்லது ஐரோப்பியக் கம்பனியில் அங்கே போகிறவர்களுக்கும்தான். எனக்கில்லை. ஒரு விஷயம் பிடித்திருந்தது: அந்தச் சட்டத்தில் வகுப்புப் பேதம் கிடையாது. கால் நீட்டிப் படுத்துப் போனவருக்கும் முழங்காலை மடக்கிக் குந்திப் போனவருக்கும் போன நேரத்தின் விலை ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் மேலே போகவில்லை. அந்தப் பெரியவர் என்னைத் தேடிக் கீழே இறங்கி வந்தார். இருவரும் தொழுகை அறைக்கு வெளியே ஒரு கதிரையில் மாறி மாறி இருந்தோம். மூன்றரை மணிபோல் ஏஜன்சிக்காரனிடமிருந்து என் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. கபீலுக்குச் சொல்லியாயிற்றாம். அந்தப் பெண் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாளா துக்கப்பட்டாளா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தே காலுக்குப் புறப்பட்டது. ஏறும்போது எங்களை முதலில் விட்டார்கள். ஆசனத்தில் ஓர் ஆளியைத் தட்டினால் அது மெல்ல மெல்ல நீண்டு கட்டிலாகிறது. தலையணை, போர்வை, காலுறை எல்லாம் தந்தார்கள். இருந்த நிலையிலேயே ஸுப்ஹு தொழுதேன். பிறகு அந்த மெத்தையில் படுத்து, பொய் சொல்லக்கூடாது, நன்றாக உறங்கிவிட்டேன்.

வளைகுடா நகரில் இறங்கியதும் கையில் அட்டையோடு ஒருவர் காத்திருந்தார். பிஸ்னஸ் கிளாஸ்காரர்களுக்குப் பிற்பகல் இரண்டரை மணி விமானத்தில் இடம் ஒதுக்கியாயிற்று. லண்டனுக்குப் போகும் மற்றவர்களில் பலருக்கு நள்ளிரவுக்குப் பிறகுதான். அந்தப் பெண்கள் வேறொரு பக்கமாக, வேறொருவருக்குப் பின்னால் வரிசையாகப் போனார்கள். அவள் ஒருதடவை திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

லண்டனில் லுஹர் ஜமாஅத் ஒன்றரைக்கு. ராத்தாவின் ஜனாஸாத் தொழுகை அதையடுத்து. எங்கள் கணக்கில் விமானம் கிளம்பி ஒரு மணித்தியாலம் கழித்து. கைக்கடிகாரத்தை லண்டன் நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தேன். சாப்பாடு கொண்டுவந்தார்கள், பிறகு என்றேன். ஒன்றே முக்காலுக்கு எழும்பி, பணியாளர்கள் தேநீர் ஊற்றும் இடத்துக்குப் போய், அங்கிருந்த பிள்ளையிடம் ஐந்து நிமிடம் நிற்கலாமா என்று கேட்டேன். பிலிப்பைன்ஸ்காரி. காரணத்தைச் சொன்னேன். தட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு அவள் வெளியே போய் நின்றாள்.

திரையில் கிப்லாவின் அம்பு இடப்பக்கக் கதவைக் காட்டியது. காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு நிய்யத் வைத்தேன். நாங்கள் ஷாபிஈகள், அதற்கு எங்களுக்கு அனுமதியிருக்கிறது. ருகூஉ இல்லை, ஸுஜூது இல்லை. நாலு தக்பீர், ஸலாம். நின்றபடியே முடிந்துவிடும். மூன்றாவது தக்பீருக்குப் பிறகு மய்யித்துக்காக ஓதும் துஆவை எத்தனையோ பேருக்கு ஓதியிருக்கிறேன். அன்று நடுவில் மறந்துவிட்டது. தமிழில் கேட்டேன்.

ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பியபோதுதான் 1979இன் அந்த ஏரோகிராம் ஞாபகம் வந்தது. வாயில் தண்ணீர் விட்டது யார் என்று அவர் கேட்டதற்கு, நான்தான் என்று அன்று எழுதியிருந்தேன். அது உண்மையல்ல. நானும் அப்போது ஊரில் இருக்கவில்லை; தூரத்துப் பாடசாலையொன்றில் வேலை. பஸ் பிடித்து வந்துசேர அடக்கம் முடிந்துவிட்டது. ராத்தாவின் மனம் ஆறட்டும் என்று எழுதிய பொய். விவேகானந்த மேட்டில் வாப்பாவிடம் படித்துக்கொண்டது.

ஹீத்ரோவில் இறங்க இரவாகிவிட்டது. ஞாயிறு காலை மருமகன் மையவாடிக்குக் கூட்டிப் போனான். வரிசை வரிசையாக ஒரே அளவான மண்மேடுகள், புல் முளைத்தும் முளைக்காமலும். எந்தக் கபுறு யாருடையது என்பதைச் சிறிய பலகையைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். ராத்தாவின் மண் இன்னும் ஈரமாக இருந்தது. இரவு மழை பெய்திருக்க வேண்டும். யாஸீன் ஓதினேன். ஓதி முடித்து, வாப்பாவின் விஷயத்தைச் சொன்னேன். பிந்தி வந்த காரணத்தையும் சொன்னேன்.

திரும்பி வரும்போது மருமகன் வாகனத்தை ஓட்டிக்கொண்டே கேட்டான்: “சீட்டு வசதியா இருந்ததா மாமா? படுக்க ஏலுமாயிருந்ததா?”

இருந்தது என்றேன்.